சுவெட்டர் இல்லாத பையன்

"ஊட்டிக்கு உல்லாசப் பயணம்!"

பள்ளிக்கூடத்தில் இப்படி ஓர் அறிவிப்பு வந்து விட்டால் போதும். அன்று மாலை கள்ளக்குறிச்சியில் எந்தத் தெருவுக்குப் போனாலும் இதே பேச்சுதான். பையன் புத்தகப் பையைத் திண்ணையில் எறிகிறான். "அம்மா, நான் ஊட்டிக்குப் போறேன்!" என்று கத்துகிறான். இரவில் அவனுக்குத் தூக்கம் வருவதில்லை.

மறுநாள் ஒரு துண்டுக் காகிதம் வருகிறது. வம்பு அதில்தான் இருக்கிறது.

கம்பளிச் சுவெட்டர் ஒன்று. குல்லா ஒன்று. கையுறை ஒரு ஜோடி. காலுறை மூன்று ஜோடி. பூட்ஸ் ஒரு ஜோடி. கம்பளிப் போர்வை ஒன்று. இவற்றை வைக்க நல்ல பை ஒன்று.

அப்பா காகிதத்தை வாங்கிப் படிக்கிறார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொள்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. பஸ் பணத்தை எப்படியாவது புரட்டி விடலாம் என்று இருந்தவர் அவர். இப்போது பஸ் பணத்துக்கு மேல் கடைப் பணமும் சேர்ந்து கொண்டது.

பையன் முட்டாள் அல்ல. அப்பாவின் முகத்தைப் பார்க்கிறான். இரண்டு நாள் கழித்து வாத்தியாரிடம் போய், "எனக்கு ஊட்டி பிடிக்காது சார். நான் வரலே" என்கிறான்.

ஊட்டியைப் பார்க்காத பையனுக்கு, ஊட்டி எப்படிப் பிடிக்காமல் போகும்?

இப்படி வீட்டில் நின்று விடுகிற பிள்ளைகள் வகுப்புக்கு ஒருவராவது இருப்பார்கள். அவர்களை நிறுத்தியது பஸ் கட்டணம் மட்டும் அல்ல. அந்தத் துண்டுக் காகிதமும்தான்! அதை எழுதியவர் கெட்டவர் அல்ல. பிள்ளைகளுக்குக் குளிரக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் எழுதினார். ஆனால் கடையைப் பார்த்து எழுதினார். வகுப்பைப் பார்த்து எழுதவில்லை.

எந்த மலைக்கு எவ்வளவு குளிர்?

முதலில் ஒன்றைத் தெரிந்து கொள்ள வேண்டும். எல்லா மலையும் ஒரே குளிர் அல்ல.

மேலே போகப் போக வெப்பம் குறையும். சுமார் 3,300 அடி ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறைந்து விடும். ஊட்டியின் உயரம் சுமார் 7,350 அடி. கள்ளக்குறிச்சி சமவெளியில் இருக்கிறது. ஆகவே இங்கே 30 டிகிரி அடிக்கும் நேரத்தில், அங்கே 16 டிகிரி என்ற கணக்கில் இருக்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் சொல்லவே வேண்டாம். தலைகுந்தாப் புல்வெளி விடியற்காலையில் உப்பைக் கொட்டி வைத்தது போல் வெளுத்துக் கிடக்கும். அதுதான் உறைபனி.

சேலத்துக்குப் பக்கத்தில் உள்ள ஏற்காடு சுமார் 5,000 அடி. அங்கே குளிர் அந்த அளவுக்கு இல்லை. பகலில் ஒரே நாளில் போய்த் திரும்புகிற பிள்ளைக்கு ஒரு முழுக்கைச் சட்டை கூடுதலாக இருந்தால் பெரும்பாலும் போதும்.

கல்வராயன் மலை இன்னும் தாழ்வு. பல இடங்களில் 2,000 முதல் 3,000 அடிதான். வெள்ளிமலைக்குப் போகிற பிள்ளையிடம் ஊட்டிக்கான பட்டியலைக் கொடுப்பது, ஏரியைக் கடக்கக் கப்பல் வாங்கச் சொல்வது போல!

ஆகவே பட்டியல் எழுதும்போது, எந்த ஊர், எந்த மாதம், இரவு தங்குவது உண்டா இல்லையா, இந்த மூன்றையும் பார்த்து எழுத வேண்டும்.

சுவெட்டருக்குள் சூடு இல்லை

கம்பளிச் சுவெட்டர் சூடு தரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சுவெட்டருக்குள் அடுப்பா இருக்கிறது? சூடு உடம்பில் இருக்கிறது. அந்தச் சூடு வெளியே ஓடி விடாமல் தடுப்பதுதான் துணியின் வேலை. தடுப்பது எது? துணியின் இழைகளுக்கு நடுவிலும், ஒரு துணிக்கும் அடுத்த துணிக்கும் நடுவிலும் அசையாமல் நிற்கிற காற்று.

இதனால்தான் ஒரு தடித்த சட்டையை விட, இரண்டு மெல்லிய சட்டை மேல். வீட்டில் இருக்கும் ஆயாவுக்கு இந்த விஷயம் எப்போதோ தெரியும். பழைய புடவைகளை நாலாக மடித்துத் தைத்துப் பேரப் பிள்ளைக்குப் போர்த்தியவர் அவர். அதில் கம்பளி ஓர் இழை கூடக் கிடையாது. பிள்ளை மார்கழிக் குளிரில் நன்றாகத்தானே தூங்கிற்று?

உள்ளே ஒரு பனியன். அதன் மேல் ஒரு சட்டை. அதன் மேல் அண்ணனுடைய பெரிய சட்டை. காதையும் கழுத்தையும் சுற்ற ஒரு துண்டு. ஊட்டியில் பகல் பொழுதுக்கு இது ஈடு கொடுக்கும். ஓடி விளையாடி வேர்த்தால் மேல் சட்டையைக் கழற்றலாம். வண்டியில் ஏறினால் போட்டுக் கொள்ளலாம். தடித்த கோட்டில் இந்த வசதி இல்லை. போட்டால் வேகும், கழற்றினால் நடுங்கும்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. பருத்தித் துணி நனைந்தால் சூட்டைத் தடுக்காது. வேர்வையில் நனைந்தாலும் அப்படித்தான். ஈரப் பனியனோடு மாலைக் காற்றில் நிற்கிற பிள்ளைக்கு எத்தனை சட்டை போட்டாலும் குளிரும். ஆகவே மாற்றுப் பனியனும் மாற்றுக் காலுறையும் கட்டாயம். அவற்றைத் தனியே ஒரு துணிப் பையில் கட்டி, நனையாத இடத்தில் வைக்க வேண்டும்.

டிசம்பரில் ஊட்டியில் இரவு தங்குவதானால் கம்பளி வேண்டும். அதில் வீம்பு பேசுவதற்கு இல்லை. கம்பளி கொஞ்சம் நனைந்தாலும் சூட்டை விடாது. ஆனால் அதைக் கடையில் வாங்கித்தான் தீர வேண்டுமா?

பனி நாட்டில் என்ன செய்கிறார்கள்?

ஐரோப்பாவில் குளிர் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளைப் பனி மலைக்கே அழைத்துப் போகிறார்கள். காலில் நீளமான கட்டைகளைப் பூட்டிக் கொண்டு, பனியில் சறுக்கி விளையாடுகிறார்கள். பிரான்ஸ் நாட்டில் 1953-ல், பாரிஸை ஒட்டிய வான்வ் என்ற ஊரிலிருந்து ஒரு வகுப்பு தன் ஆசிரியரோடு ஆல்ப்ஸ் மலைக்குப் போயிற்று. காலையில் பாடம், பிற்பகலில் சறுக்கு விளையாட்டு. பிறகு அது நாடெங்கும் பரவிற்று. 'பனி வகுப்பு' என்றே அதற்குப் பெயர்.

அங்கேயும் முதல் தடவை போகிற பிள்ளையின் அம்மாவுக்கு இதே கவலைதான். என்ன கட்டிக் கொடுப்பது? அவர்கள் சொல்வதும் அடுக்குக் கணக்கே. உடம்பை ஒட்டி ஒன்று, நடுவில் கம்பளி ஒன்று, வெளியே காற்றும் ஈரமும் புகாத ஒன்று. கைக்கு உறை. கண்ணுக்குக் கண்ணாடி, ஏனென்றால் பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசச் செய்யும்.

சறுக்குக் கட்டையும், அதற்கான பூட்ஸும், தலைக் கவசமும் விலை அதிகம். முதல் தடவை போகிற பிள்ளைக்கு அவற்றைப் பெரும்பாலும் வாங்குவது இல்லை. மலையிலேயே வாடகைக்குக் கிடைக்கும். நம் காஷ்மீரத்துக் குல்மார்க்கிலும் அப்படித்தான். பிள்ளையின் கால் வருஷத்துக்கு வருஷம் வளர்கிறது. ஒரு வாரத்துக்காக யார் வாங்குவார்கள்?

பனி நாட்டுக்காரனே இரவல் வாங்குகிறான். வருஷத்தில் பத்து மாதம் விசிறி சுற்றுகிற கள்ளக்குறிச்சியில், இரண்டு நாளுக்காகப் புதுச் சுவெட்டர் வாங்கச் சொல்கிறார்கள்! அது திரும்பி வந்ததும் பெட்டிக்குள் போகிறது. அடுத்த பயணம் வருவதற்குள் பூச்சி தின்று விடும். பூச்சி விட்டு வைத்தாலும் பையனின் கை நீண்டு விடும்.

பள்ளிக்கு ஒரு டிரங்குப் பெட்டி

தமிழ்நாடு அரசு, மலைப் பகுதிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை, மழைக் கோட்டு, பூட்ஸ், காலுறை ஆகியவற்றை விலையில்லாமல் தரும் திட்டம் வைத்திருக்கிறது. நல்ல திட்டம். மலையில் பாடப் புத்தகம் போலக் கம்பளியும் அவசியம் என்று ஒப்புக் கொண்ட திட்டம்.

சமவெளிப் பள்ளி அவ்வளவு கேட்க வேண்டியதில்லை. ஒரு டிரங்குப் பெட்டி போதும்.

அதில் முப்பது, நாற்பது சுவெட்டர்கள். பெரியது, சின்னது, நடுத்தரம். எங்கிருந்து வரும்? பிள்ளைகள் வளர்ந்து சிறுத்துப் போன சுவெட்டர்கள் ஊரில் எத்தனையோ வீட்டில் தூங்குகின்றன. கேட்டால் கொடுப்பார்கள். படித்து முடித்துப் போகிற மாணவர்களும் தங்களுடையதைப் போட்டு விட்டுப் போகலாம். ஒவ்வொரு பயணத்துக்கும் பெட்டியைத் திறப்பது. திரும்பியதும் துவைத்து வாங்கி உள்ளே வைப்பது. அவ்வளவுதான்.

"மற்றவன் போட்டதை என் பிள்ளை போடுவதா?" என்று சிலர் கேட்பார்கள். இது கௌரவப் பேச்சு. ரயிலில் கொடுக்கும் போர்வையை யாரோ ஒருவர் போர்த்தியதில்லையா? துவைத்து வெயிலில் காயப் போட்டால் தீர்ந்தது. ஆனால் கம்பளியை வெந்நீரில் போடக் கூடாது. சுருங்கி, பொம்மைக்குத்தான் ஆகும்.

கௌரவத்தில் இன்னொரு பக்கம் உண்டு. அதைக் கவனிக்க வேண்டும். பெட்டி, 'ஏழைப் பிள்ளைகள் பெட்டி' ஆகி விடக் கூடாது. "சுவெட்டர் இல்லாதவன் கையைத் தூக்கு" என்று வகுப்பில் கேட்டால் எவனும் தூக்க மாட்டான். மறுபடியும், "எனக்கு ஊட்டி பிடிக்காது சார்" என்பான். எல்லாப் பிள்ளைகளும் பெட்டியிலிருந்தே எடுக்க வேண்டும். டாக்டர் வீட்டுப் பையனும் எடுக்கட்டும். வாத்தியாரே முதலில் ஒன்றை எடுத்துப் போட்டுக் கொண்டால் இன்னும் நல்லது.

அம்மா கட்டிய பை

இன்னொரு தப்பு வீட்டில் நடக்கிறது. புறப்படுவதற்கு முதல் நாள் இரவு, பிள்ளை தூங்கிய பிறகு, அம்மா உட்கார்ந்து பையைக் கட்டுகிறாள். முறுக்கு ஒரு டப்பா. சீடை ஒரு டப்பா. சட்டை ஆறு. பிள்ளை காலையில் பையைத் தூக்குகிறான். பை அவனைத் தூக்குகிறது.

ஊட்டியில் இறங்கிக் குளிர் அடிக்கும்போது, துண்டு எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் வெளியே கொட்டித் தேடுவான். திரும்பி வரும்போது காலுறையில் ஒன்று குறையும்.

பையைப் பிள்ளையே கட்ட வேண்டும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லலாம். "கண்ணு, முதல்லே எது வேணும்? அதை மேலே வை" என்றால் அவனே யோசிப்பான். சட்டைக் கழுத்தில் வண்ண நூலால் இரண்டு எழுத்து தைத்து விட்டால், யாருடையது என்ற சண்டை இல்லை. கட்டிய பையைத் தோளில் மாட்டிக் கொண்டு தெருக் கோடி வரை நடந்து வரச் சொல்ல வேண்டும். மூச்சு வாங்கினால் சீடை டப்பா வெளியே!

மலைப் பாதையில் வயிற்றைப் புரட்டும். வயிறு முட்டச் சாப்பாடு வேண்டாம். எலுமிச்சம் பழம் ஒன்று கையில் இருக்கட்டும். இழுப்பு உள்ள பிள்ளையின் மருந்தை, பெயர் எழுதி வாத்தியார் கையிலேயே கொடுத்து விட வேண்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் புட்டிக்குத் தடை இருக்கிறது. எவர்சில்வர் புட்டிதான் சரி.

இந்தப் பழக்கமெல்லாம் ஊட்டியில் தொடங்க வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டம் ஆயிற்று. மாவட்டத்துக்குள்ளேயே ஒரு மலை இருக்கிறது. முதல் பயணம் அங்கே போகட்டும். கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைப் பார்த்துக் கொண்டு மேலே ஏறலாம். கரியாலூரில் படகு இருக்கிறது. வெள்ளிமலைப் பக்கம் பெரியார் அருவி இருக்கிறது. காலையில் போய் மாலையில் திரும்பலாம். பைக்குள் ஒரு மாற்று உடுப்பு, ஒரு துண்டு, ஒரு முழுக்கைச் சட்டை. அருவிப் பாறை வழுக்கும். ஆகவே அடி தேயாத செருப்பு. இதற்குக் கடைக்குப் போக வேண்டிய வீடு அநேகமாக இராது. என்ன மறந்தோம், எது சும்மா கனத்தது என்று பிள்ளை அந்த ஒரு நாளில் தெரிந்து கொள்வான். ஊட்டி, அடுத்த வருஷம்.

அப்படி ஊட்டி போய் வந்த சுவெட்டரை, கொடியில் ஒரு நாள் காய விட்டு, வேப்பிலை போட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். வைக்குமுன் பையைத் துழாவிப் பார்ப்பது நல்லது. யூகலிப்டஸ் காய் இரண்டும், பாதி தின்ற வர்க்கியும் அங்கே இருக்கும்.