உடன் நடப்போம்

“நடவாதே, களைத்துவிடுவாய்” என்று நோயுற்றவரை அன்பினாலேயே அமர்த்திவிடுகிறோம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோயில் இவ்வன்பே தீங்காகலாம்.

மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையை உடலின் எதிர்ப்பாற்றலே சிதைப்பது இந்நோய். 1868-ஆம் ஆண்டு பாரிஸ் மருத்துவர் ஷார்கோ இதனை விளக்கினார். நெடுங்காலம் மருத்துவர்களும் ஓய்வையே விதித்தனர். 1996-இல் அமெரிக்க நாட்டு யூட்டா பல்கலைக்கழகத்தார் இந்நோயினர்க்கு 15 வாரம் உடற்பயிற்சி அளித்தனர். அவர்தம் வலிமை கூடிற்று. ஓய்விலேயே கிடந்தாலோ, நோய் தொடாத தசையும் தளரும்.

இலேசான அல்லது நடுத்தரப் பாதிப்புடையோர் வாரத்தில் 2 நாள், 30 நிமிடம் மிதமான பயிற்சி செய்யலாம் என 2013-இல் கனடா நாட்டு வல்லுநர் வகுத்தனர். நடையும் அத்தகையதே. மருத்துவரைக் கலந்து, 5 நிமிடத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுக. இடையே அமர்ந்து இளைப்பாறுக. கைத்தடி கொள்வதில் நாணம் வேண்டா.

உடல் சூடேறினால் பார்வை மங்கலாம், கால் தளரலாம். குளிர்ந்ததும் அது பெரும்பாலும் நீங்கும். ஆகவே வெயிலுக்கு முன்னரே நடத்தல் நன்று. புதிய தளர்ச்சி ஒரு நாளைக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் செல்க.

தனியே நடக்க அஞ்சுவோர்க்குத் துணை வேண்டும். நம் இல்லத்தில் அத்தகையோர் இருப்பின், நாளைக் காலை அவருடன் நாமும் புறப்படுவோம்.