"மற்றும் குழுவினர்" என்று அச்சடிக்காதீர்கள்

நம்மூரில் கல்யாணப் பத்திரிகை, கோயில் விழா நோட்டீஸ், ஆண்டுவிழா பேனர் என்று எதை எடுத்துப் பார்த்தாலும் கச்சேரி என்ற இடத்தில் ஒரு பெயர் பெரிதாக இருக்கும். அதன் கீழே பொடி எழுத்தில் "மற்றும் குழுவினர்" என்று இருக்கும். இந்த மூன்றாவது வார்த்தை எனக்குப் பல வருஷமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. இன்று அதைப் பற்றிக் கொஞ்சம் காரமாகவே எழுதப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1952ல் யெஹுதி மெனுஹின் என்ற உலகப் புகழ்பெற்ற வயலின் கலைஞர் நேருவின் அழைப்பில் இந்தியா வந்தார். பெருநகரங்களில் கச்சேரி செய்தார். வசூல் நிவாரண நிதிக்குப் போயிற்று. பம்பாயில் பி.கே.எஸ். அய்யங்காரிடம் யோகாசனம் கற்றுக்கொண்டார். நேருவும் அவரும் சிரசாசனம் போட்ட கதையை நம் வயதுக்காரர்கள் பலர் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அப்போது தென்னாட்டு வயலின் மேதை துவாரம் வெங்கடசாமி நாயுடுவின் வாசிப்பைக் கேட்டு வியந்து பாராட்டினார் என்பதும் பலமுறை எழுதப்பட்ட செய்திதான்.

சரி. அந்தக் கச்சேரிகளில் மெனுஹினுடன் பியானோ வாசித்தவர் யார்?

மார்செல் கசேல். பெல்ஜியம் நாட்டுக்காரர். பல வருஷம் மெனுஹினுக்குத் துணையாக ஊர் ஊராகச் சுற்றி வாசித்தவர். 1963ல் மெனுஹின் இங்கிலாந்தில் குழந்தைகளுக்காக ஓர் இசைப்பள்ளி தொடங்கியபோது அதன் இசைப் பொறுப்பை ஒப்படைத்தது இவரிடம்தான். அவ்வளவு நம்பிக்கைக்கு உரியவர். ஆனால் தலைகீழாக நின்ற கதையை ஞாபகம் வைத்திருக்கும் நாம், மேடையில் நேராக உட்கார்ந்து வாசித்தவர் பெயரை ஞாபகம் வைக்கவில்லை.

"பியானோக்காரர் பக்கவாத்தியம்தானே, அதற்கென்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். மேற்கத்திய சங்கீதத்தில் வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் 'சொனாட்டா' என்ற உருப்படிகள் உண்டு. மொஸார்ட் காலத்தில் இவற்றை அச்சிடும்போது பியானோவுக்கான சொனாட்டா, வயலின் துணையுடன் என்றுதான் போட்டார்கள். அதாவது அன்றைக்குப் பக்கவாத்தியம் வயலின்! பிறகு பீத்தோவன் இந்த ஜோடிக்குப் பத்து சொனாட்டாக்கள் எழுதினார். அதில் 'வசந்தம்' என்று பெயர் பெற்ற ஒன்றைக் கேட்டுப் பாருங்கள், செல்போனிலேயே கிடைக்கும். முதலில் வயலின் மெட்டைப் பாடும், பியானோ கீழே ஓடிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் அதே மெட்டைப் பியானோ வாங்கிக்கொள்ளும், வயலின் துணைக்கு வந்துவிடும். யார் முக்கியம், யார் துணை என்று நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். இதை எழுதியவரே இரண்டு பேருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார். அதை ஒருவருக்கே பட்டா போட்டது பிற்காலத்துக் கச்சேரி வியாபாரம்.

ஜெரால்ட் மூர் என்ற ஆங்கிலேயப் பியானோ கலைஞர் காலமெல்லாம் மற்றவர்களுக்குத் துணையாகவே வாசித்தவர். 1962ல் தன் நினைவுகளைப் புத்தகமாக எழுதினார். அதற்கு அவர் வைத்த தலைப்பு, "நான் ரொம்பச் சத்தமாக வாசிக்கிறேனா?" தன் சத்தம் அதிகமாகிவிட்டதோ என்று கேட்டுக்கேட்டே வாழ்ந்த ஒரு வர்க்கத்தின் கதை அந்த ஒரு வரியில் இருக்கிறது.

நம் பக்கமும் யோக்கியம் இல்லை. வயலின் நம்மிடம் வந்தது முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில். வந்து இருநூறு வருஷம் ஆகிறது. குரலை நிழல்போலத் தொடரும் வாத்தியம் என்று அதைப் பக்கத்தில் உட்கார வைத்தோம். துவாரம் போன்றவர்கள் தனிக் கச்சேரி வாசித்து, இது தனியாகவும் நிற்கும் என்று காட்ட வேண்டியிருந்தது. மிருதங்கத்தின் கதை இன்னும் மோசம். மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் ஒரு மிருதங்க வித்வானுக்கு முதல்முதலாகக் கிடைத்தது 1966ல், பாலக்காடு மணி ஐயருக்கு. அதற்கு முன்னால் தாளம் இல்லாமலா கச்சேரி நடந்தது?

இதை ஏன் திருப்பூரில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால், நம்மைவிட இதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டிய ஊர் வேறில்லை. பவர் டேபிளில் டெய்லர் ஓட்டுவார், பக்கத்தில் கைமடி இருப்பார். கைமடி பீஸை எடுத்துக் கொடுக்கும் வேகத்தில்தான் டெய்லரின் கை ஓடும். கைமடி ஒரு நாள் வராவிட்டால் அன்றைய கணக்கு என்ன ஆகும் என்று கம்பெனி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். நிட்டிங், சாயம், கட்டிங், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று பத்துக் கை பட்டுத்தான் ஒரு பனியன் பெட்டிக்குள் போகிறது. கடைசியில் கழுத்தில் இருப்பது எங்கோ இருக்கும் பையரின் லேபிள். "நாம் தைத்ததை அவன் பெயரில் விற்கிறான்" என்று டீக்கடையில் நாம் எத்தனை தடவை பொருமியிருக்கிறோம்! அதே நாம்தான், மேடையில் மூன்று மணி நேரம் கை வலிக்க வாசித்தவரைக் "குழுவினர்" ஆக்கிவிடுகிறோம்.

"பெரிய பெயர் போட்டால்தான் கூட்டம் வரும்" என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். பெரிதாகவே போடுங்கள். சன்மானத்திலும் வித்தியாசம் இருக்கட்டும், அது அனுபவத்தையும் மவுசையும் பொறுத்தது. நான் கேட்பது ஒரு வரி. அச்சகத்தில் இன்னும் நாலு பெயர் சேர்க்க என்ன செலவாகிவிடும்? சாப்பாட்டு மெனுவில் பதினெட்டு ஐட்டம் வரிசையாக அச்சடிக்கிறோம். பாயசத்துக்கு இருக்கும் மரியாதை வயலின்காரருக்கு இல்லையா?

பெயர் என்பது வெறும் கௌரவம் அல்ல, அடுத்த வேலைக்கான சீட்டு. நோட்டீஸில் பெயர் வந்தால்தான் "போன தடவை வாசித்தாரே, அவரைக் கூப்பிடுங்கள்" என்று யாராவது சொல்வார்கள். பெயர் இல்லாதவர் ஒவ்வொரு முறையும் முக்கியக் கலைஞரின் தயவில்தான் மேடை ஏற வேண்டும். சம்பளமும் அவர் கையிலிருந்துதான் வர வேண்டும். எவ்வளவு பேசினார்கள், எவ்வளவு கைக்கு வந்தது என்று கேட்கவும் முடியாது. ஜாப் ஒர்க் எடுத்துச் செய்த எவருக்கும் இந்த நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

விழாக் கமிட்டியில் இருக்கும் நண்பர்களே, பிள்ளைகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் சம்பந்திமார்களே, மூன்று காரியம் செய்யுங்கள். பத்திரிகையில் வாசிப்பவர் அத்தனை பேர் பெயரையும் வாத்தியத்தோடு போடுங்கள். பணத்தை முடிந்தவரை அவரவர் கையிலேயே கொடுங்கள். பொன்னாடை போர்த்தும்போது முதல் ஆளோடு நிறுத்தாமல் கடைசி ஆள்வரை போங்கள், கடம்காரர் எழுந்து போவதற்குள்.

"மற்றும்" என்பது இலக்கணத்தில் இருக்கட்டும். மனுஷர்களுக்கு அது பெயர் இல்லை.