மதுவைத் தொடாதவருக்கும் கல்லீரல் நோயா?

பிரதோஷ வழிபாட்டை ஒருநாளும் தவறவிடாத பெரியவர் அவர். வயது அறுபத்தெட்டு. நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் ருத்திராட்சம், வாழ்நாளில் புகையையும் மதுவையும் தீண்டாத ஒழுக்கம். பித்தப்பையில் கல் இருக்குமோ என்ற ஐயத்தால் வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். கல் இல்லை, ஆனால் கல்லீரலில் கொழுப்பு மிகுதியாகப் படிந்திருப்பதாக அறிக்கை கூறிற்று. வீடு திரும்பியதும் அந்த அறிக்கையைப் பூஜை அலமாரியில் பஞ்சாங்கத்துக்கு அடியில் மறைத்து வைத்தார். மனைவியிடம் மட்டும், “யாரிடமும் சொல்லாதே. ஈரல் கெட்டுவிட்டது என்றால், இவர் ஒளிந்து குடித்தாரோ என்றுதானே நாலு பேர் நினைப்பார்கள்?” என்றார்.

கல்லீரல் நோய் என்றாலே குடிகாரர் நோய் என்னும் எண்ணம் நம் சமூகத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதனால் மது அருந்தாத குடும்பங்கள் அந்த உறுப்பைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. கவலைப்பட நேர்ந்தாலோ, வெளியே சொல்ல நாணுகின்றன. நோயைவிட அந்த நாணமே பல வேளைகளில் பெருந்தீங்கு செய்துவிடுகிறது.

வலப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுடன் அமைந்திருப்பது கல்லீரல். குடலிலிருந்து வரும் சத்துகளில் பெரும்பகுதி முதலில் இங்கேதான் வந்து சேர்கிறது. சோற்றிலும் இனிப்பிலும் இருந்து வரும் சர்க்கரையைக் கிளைகோஜன் என்னும் பொருளாக மாற்றி, ஏறத்தாழ 100 கிராம் அளவுக்குக் கல்லீரல் சேமித்து வைக்கிறது. இரவில் நாம் உறங்கும்போது அதிலிருந்து சிறிது சிறிதாக எடுத்து உடலுக்கு வழங்குகிறது. இதை அன்றாடச் செலவுக்கான கல்லாப்பெட்டி எனலாம். பெட்டி நிறைந்த பின்னும் சர்க்கரை வந்துகொண்டே இருந்தால், மிகுதி கொழுப்பாக மாறி நெடுநாள் வைப்பாகத் தங்கிவிடுகிறது. அதை எடுத்துச் செலவிட உடலுழைப்பு வேண்டும். உழைப்பு இல்லாத உடலில் வைப்பு மட்டுமே வளரும்.

கல்லீரலில் கொழுப்பின் அளவு 5 விழுக்காட்டைக் கடந்தால் அது கொழுப்புக் கல்லீரல். சிலருக்கு அது அழற்சியாகி, அழற்சி தழும்பாகி, பல ஆண்டுகளில் சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது. கல்லீரலின் உட்புறத்தில் வலியை உணர்த்தும் நரம்புகள் இல்லை. பெருந்துயர் வரும்போது ‘ஈரக்குலை நடுங்குகிறது’ என்கிறோம். உண்மையில் ஈரலோ தன் துயரை வாய்விட்டுச் சொல்லாத உறுப்பு.

மதுவோடு தொடர்பில்லாத இந்த நோயின் தீவிரம் கருதி, 2021ஆம் ஆண்டு இந்திய அரசு தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் இதையும் சேர்த்தது. 2023இல் உலகின் கல்லீரல் மருத்துவ அமைப்புகள் கூடி, பழைய பெயரில் இருந்த ‘மது’ என்ற சொல்லையே நீக்கி, வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த நோய் எனப் பெயர் மாற்றின. நோயாளிக்கு அவப்பெயர் வரக்கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

அப்படியானால் அந்தப் பெரியவரின் வீட்டில் நிகழ்ந்த தவறுதான் என்ன? விடியற்காலையில் இரண்டு கரண்டி சர்க்கரையுடன் காபி. அது நாளுக்கு நான்கு முறை. கோயிலில் தொன்னை நிறையச் சர்க்கரைப் பொங்கல். நண்பகலில் சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என மூன்று முறை சோறு. பிறகு இரண்டு மணி நேரத் தூக்கம். மாலையில் வடை அல்லது பஜ்ஜி. இரவு ஒன்பதரைக்குப் பலகாரம், பத்து மணிக்குப் படுக்கை. தனித்தனியே பார்த்தால் எதுவும் பாவமன்று. எல்லாம் ஒரே உடலில், நாள்தோறும், நாற்பது ஆண்டுகள் சேர்ந்ததே கேடு. பருத்த உடல்தான் வேண்டும் என்பதில்லை. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளியிருப்பதும் அடையாளமே. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் எச்சரிக்கை கொள்ள வேண்டும்.

பிரசாதத்தை மறுப்பது எப்படி என்று பலர் தயங்குவர். மறுக்க வேண்டியதே இல்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு விள்ளல் உண்டு, எஞ்சியதை அருகில் நிற்கும் குழந்தைக்குக் கொடுத்தாலும் அருள் குறையாது. நவராத்திரிச் சுண்டல் போன்ற பிரசாதம் கிடைத்தால் மனநிறைவோடு உண்ணலாம். சோறு மிகுந்து புரதம் குறைந்த நம் சைவ உணவுக்குப் பயறும் கடலையுமே ஈடு செய்வன.

விரதத்திலும் இதே கவனம் வேண்டும். ஏகாதசியன்று சோற்றை விலக்கிவிட்டு ஜவ்வரிசியும் உருளைக்கிழங்கும் இனிப்பும் வயிறு முட்ட உண்டால், கல்லீரலுக்கு அது விரதமாகாது. ஒருபொழுது உணவு என்று முன்னோர் வகுத்த எளிய முறையே அதற்கு ஓய்வு தரும். நீரிழிவுக்கு மருந்து உண்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டபின் விரதம் இருக்க வேண்டும்.

காபிக்கும் அஞ்ச வேண்டியதில்லை. காபி அருந்துவோரிடம் கல்லீரல் சுருக்கம் குறைவாகக் காணப்படுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. குறைக்க வேண்டியது காபியில் கரையும் சர்க்கரையையே.

மூட்டுவலிக்கும் காய்ச்சலுக்கும் விழுங்கும் பாராசிட்டமால், அளவோடு உண்டால் தீங்கற்றது. ஆனால் காலையில் வலிக்கு 650 மில்லிகிராம் மாத்திரை, நண்பகலில் சளிக்கு வேறொரு மாத்திரை, இரவில் காய்ச்சலுக்கு மற்றொன்று என உண்ணும்போது மூன்றிலும் இதே மருந்து இருக்கக்கூடும். அம்மருந்தின் நஞ்சை முறிக்கும் பொருள் பட்டினியால் கல்லீரலில் குறைந்துவிடுகிறது. ஆகவே நீண்ட உபவாச நாளில் இதில் கூடுதல் கவனம் தேவை. மெலிந்த முதியோர் தமக்குரிய அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

‘மூலிகைதானே, என்ன செய்துவிடும்?’ என்ற நம்பிக்கையும் ஆராயத்தக்கது. கொரோனா காலத்தில் சீந்தில் உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு நேர்ந்ததாக 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினர். அவர்கள் உண்டது சீந்தில்தானா என்பதே உறுதி செய்யப்படவில்லை என ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. பொட்டலத்தில் இருப்பது எதுவென்று உறுதியாகத் தெரியாதபோது, பெயரை மட்டும் நம்பி விழுங்கலாகாது என்பதே இதில் கொள்ள வேண்டிய பாடம். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது வீட்டு வழக்கு. சென்னை ஆய்வாளர்கள் 1988இல் அது குறித்து வெளியிட்ட ஆய்வு உலகின் கவனத்தை ஈர்த்தது. பின்னர் வேறிடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிட்டவில்லை. காமாலை ஒரு நோயன்று, நோயின் அறிகுறி. கிருமியாலும் வரலாம், பித்தக் குழாயை அடைத்த கல்லாலோ கட்டியாலோ கூட வரலாம். காரணம் அறியாமல் பச்சிலை குடித்துக் காத்திருக்கும் நாள்கள் திரும்பக் கிடைப்பதில்லை.

சிக்கனமும் சில வேளை பகையாகிறது. பூசணம் பிடித்த நிலக்கடலையைத் துடைத்து வறுப்பதும், பூத்துப்போன கொப்பரையைச் சுரண்டிப் பயன்படுத்துவதும் பல வீடுகளில் உண்டு. அந்தப் பூசணத்தில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு சமையல் சூட்டில் முற்றும் அழிவதில்லை. 1974இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் கல்லீரல் கெட்டு மாண்டனர். அத்தகைய பொருளைக் குப்பையில் இடுவது வீண்செலவாகாது.

முடி காணிக்கை செலுத்தும்போது, ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடு மாற்றப்படுகிறதா என்று பார்ப்பதும் கடமை. ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் இரத்தத்தின் வழியே பரவுவன. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் இவற்றுக்கான பரிசோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. பேரக்குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடப்பட்டதா என்பதையும் தாத்தாவும் பாட்டியும் கேட்டறியலாம்.

முதியோர் இல்லங்களில் எளிதில் தவறவிடப்படும் அடையாளம் ஒன்றுண்டு. பகலெல்லாம் உறங்கி இரவெல்லாம் விழித்திருத்தல், பேச்சுக் குழறல், திடீர் மறதி ஆகியவற்றை வயதின் கோளாறு என்று விட்டுவிடுவர். முற்றிய கல்லீரல் நோயும் இவ்வாறு மனத்தைக் குழப்பும். கால் வீக்கம், வயிறு பெருத்தல், கண் மஞ்சளாதல், கருநிற மலம் ஆகியவை தென்பட்டாலும் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

பெரியவரின் கதைக்கு வருவோம். பத்து நாள் பொறுத்திருந்த மனைவி, பஞ்சாங்கத்துக்கு அடியில் இருந்த அறிக்கையை எடுத்து மகனிடம் கொடுத்தார். “உங்கள் மானத்தைவிட நீங்கள் எனக்கு வேண்டும்” என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மருத்துவர், “ஐயா, நீங்கள் குடிக்காததால் பாதி ஈரலைக் காத்துவிட்டீர்கள். மீதியை உங்கள் சாப்பாட்டுத் தட்டும் கால்களும் காக்கட்டும்” என்றார். உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே கொழுப்பு குறையத் தொடங்கும், 7 முதல் 10 விழுக்காடு குறைந்தால் அழற்சியும் தணியும் என்று விளக்கினார். மெலிந்த உடலுடையோர் தாமாக எடையைக் குறைக்க முனையலாகாது என்றும் எச்சரித்தார்.

பெரியவருக்கு நடப்பது புதிதன்று. பௌர்ணமிதோறும் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருபவர்தான். ஆனால் மற்ற நாள்களில் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. அன்றுமுதல் நாள்தோறும் அரைமணி நேரம் கோயிலின் வெளிப்பிரகாரத்தை வலம் வந்தார். மூன்று முறைச் சோறு ஒருமுறையாயிற்று. இரவு உணவு ஏழரைக்கு முடிந்தது. எட்டு மாதத்தில் எடை 76 கிலோவிலிருந்து 71 ஆகியது. ஸ்கேனில் கொழுப்பு பெரிதும் குறைந்திருந்தது.

அடுத்த பிரதோஷத்தன்று, அபிஷேகத்துக்காக மண்டபத்தில் காத்திருந்தபோது, நண்பர்களிடம் அவரே எல்லாவற்றையும் சொன்னார். எவரும் நகைக்கவில்லை. சற்று நேரம் கழித்து, தூணோரம் அமர்ந்திருந்த ஒருவர் மெல்லச் சொன்னார்: “என் வீட்டிலும் அப்படி ஓர் அறிக்கை இருக்கிறது. இரண்டு வருஷமாகப் பீரோவில் வைத்திருக்கிறேன்.”

மறுநாள் காலை இருவரும் சேர்ந்தே மருத்துவரிடம் சென்றனர்.