காய்ச்சல் பார்க்க கார்டு கேட்கல... காசு கொடுக்க கேட்டாங்க! கொரோனா ஊரடங்கில் மதுரை படித்த பாடம்

மதுரை:

தூங்கா நகரம் என்று பெயர் வாங்கிய மதுரையையே தூங்க வைத்தது கொரோனா. நள்ளிரவிலும் ஆவி பறக்கும் இட்லிக் கடைகளும், தட தடவென்று கொத்து புரோட்டா சத்தம் கேட்கும் தெருக்களும் 2020 மார்ச் கடைசியில் வெறிச்சோடின. ஆண்டுகள் ஓடிவிட்டன. முகக் கவசம் கழன்று விட்டது. ஆனால் "அந்த நேரத்துல நமக்கு என்ன கிடைச்சுது?" என்று கேட்டால் தெருவுக்கு தெரு, வீட்டுக்கு வீடு பதில் மாறுகிறது.

ஒரே சந்தில் ஒரு வீட்டுக்கு பணம், அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் வந்தது. பக்கத்து வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை. இரண்டு வீட்டிலும் அன்றாடங்காய்ச்சிகள்தான். பிறகு என்ன வித்தியாசம்? ஒரு வீட்டில் கார்டு இருந்தது. இன்னொரு வீட்டில் இல்லை. அவ்வளவுதான்!

முதல் பலி மதுரையில்

கொரோனாவுக்கு தமிழ்நாட்டின் முதல் உயிர்ப்பலி நடந்தது மதுரையில்தான். 2020 மார்ச் 25-ந் தேதி அதிகாலை, அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்று வந்த 54 வயது நபர் இறந்தார். நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு தொடங்கியதும் அதே நாளில்தான். இதனால் மதுரை மக்களுக்கு பயமும் பட்டினியும் சேர்ந்தே வந்து விட்டன.

அடுத்த அடி ஏப்ரலில் விழுந்தது. சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் ஏப்ரல் 26 முதல் 29 வரை 4 நாள் முழு ஊரடங்கு என்று 24-ந் தேதி அறிவிப்பு வந்தது. கையில் இருந்தது ஒரே நாள். 25-ந் தேதி மார்க்கெட்டுகளில் கூட்டம் அலைமோதியது. கூட்டம் கூடக்கூடாது என்பதற்காக போட்ட உத்தரவே கூட்டத்தை கூட்டி விட்டது! கையில் காசு இருந்தவர்கள் 4 நாளைக்கு வாங்கி வைத்துக் கொண்டார்கள். அன்றைக்கு சம்பாதித்து அன்றைக்கு சாப்பிடுபவர்கள் பாடு திண்டாட்டமானது.

சித்திரை திருவிழாவும் போச்சு. 2020 மே 4-ந் தேதி மீனாட்சி திருக்கல்யாணம் கோவிலுக்குள் ஒரு சில பட்டர்களோடு நடந்து முடிந்தது. மக்கள் டி.வி.யில் பார்த்து தாலிக் கயிறு மாற்றிக் கொண்டார்கள். அழகர் ஆற்றில் இறங்கவில்லை. 2021-லும் இதே கதை. பலூன் விற்பவர், பஞ்சு மிட்டாய் விற்பவர், அழகர் வேஷத்துக்கு துணி தைப்பவர், கரகாட்டக்காரர், மேளக்காரர் என எத்தனையோ பேருக்கு வருஷத்து வருமானமே அந்த சீசன்தான். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் மல்லிகை போட்ட விவசாயிகளும் தப்பவில்லை. கோவில் இல்லை, கல்யாணம் இல்லை, பூ மார்க்கெட்டும் இல்லை என்றான பிறகு பறித்த கூலிக்கு கூட பூ விற்கவில்லை.

மதுரைக்கு மட்டும் தனி ஊரடங்கு

பெரிய சோதனை ஜூனில் வந்தது. பரவை காய்கறி மார்க்கெட்டில் தொற்று பரவி மார்க்கெட் மூடப்பட்டது. ஜூன் 24-ந் தேதி முதல் மதுரை மாநகராட்சி, பரவை பேரூராட்சி, மதுரை கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்களில் மீண்டும் முழு ஊரடங்கு. 30-ந் தேதி வரை என்று தொடங்கியது ஜூலை 5, ஜூலை 12 என்று நீண்டு, ஜூலை 14-ல்தான் முடிந்தது. ஆக மொத்தம் இன்னொரு 21 நாள்!

இந்த நாட்களில் மாநகராட்சி செய்த வேலையை குறைத்து சொல்ல முடியாது. வார்டு வார்டாக காய்ச்சல் முகாம் போட்டார்கள். வீடு வீடாக போய் சளி, இருமல் இருக்கா என்று கேட்டார்கள். கபசுர குடிநீர் கொடுத்தார்கள். தொற்று வந்த தெருக்களை தகரம் வைத்து அடைத்தார்கள். ராஜாஜி ஆஸ்பத்திரியின் சூப்பர் ஸ்பெஷாலிட்டி கட்டிடம் கொரோனா வார்டானது. தோப்பூர் ஆஸ்பத்திரியிலும் நோயாளிகளை சேர்த்தார்கள். ஆகஸ்டில் தினசரி பாதிப்பு இறங்கத் தொடங்கியது.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. காய்ச்சல் முகாமில் யாரிடமும் ரேஷன் கார்டு கேட்கவில்லை. செல்லூர்காரரா, சேலத்தில் இருந்து வந்தவரா, பீகார்காரரா என்று பார்க்கவில்லை. வந்தவருக்கெல்லாம் காய்ச்சல் பார்த்தார்கள். பாதுகாப்பு எல்லோருக்கும் போனது. நிவாரணம் மட்டும் அப்படி போகவில்லை.

ஒரு நாளைக்கு 48 ரூபாய்!

2020 மார்ச் 24-ந் தேதி அப்போதைய முதல்-அமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்த நிவாரணத்தில் அரிசி கார்டுதாரர்களுக்கு ரூ.1,000 பணம், இலவச அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை இருந்தது. நலவாரியத்தில் பதிவு செய்த கட்டிட தொழிலாளர்கள், ஆட்டோ டிரைவர்களுக்கு தனியாக ரூ.1,000-மும் அரிசி, பருப்பு, எண்ணெயும் உண்டு. பதிவு செய்த நடைபாதை வியாபாரிகளுக்கும் கூடுதல் தொகை அறிவித்தார்கள். ஜூன் ஊரடங்கில் மதுரை பகுதி அரிசி கார்டுகளுக்கு மறுபடியும் ரூ.1,000 கிடைத்தது.

21 நாளைக்கு 1,000 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 48 ரூபாய் கூட முழுசாக வராது. வீட்டில் 4 பேர் என்றால் ஆளுக்கு 12 ரூபாய். அம்மா உணவகத்தில் காலையில் 3 இட்லி 3 ரூபாய், மதியம் சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். மொத்தம் 11 ரூபாய். அதாவது அந்த பணத்தில் அம்மா உணவக விலைக்கு வயிற்றை கழுவலாம். ராத்திரி சாப்பாடு சந்தேகம்தான். வீட்டு வாடகை, மருந்து, குழு லோன், தண்டல் வட்டி எல்லாம் தலைக்கு மேல் நின்றன. பேங்க் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2020 ஆகஸ்டு வரை தவணை தள்ளி வைக்க வழி செய்தது. வாசலில் வந்து நிற்கும் தண்டல்காரருக்கு அந்த உத்தரவு எப்படி செல்லும்?

2021-ல் இரண்டாவது அலை வந்தபோது தொகை கூடியது. முதல்-அமைச்சராக மு.க.ஸ்டாலின் மே 7-ந் தேதி பதவி ஏற்றதும் போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று, கார்டுக்கு ரூ.4,000 நிவாரணம். மே மாதம் ரூ.2,000, ஜூனில் ரூ.2,000, கூடவே 14 வகை மளிகை பொருட்கள். மே 21-ந் தேதி அவர் மதுரை வந்து தோப்பூரில் 500 ஆக்சிஜன் படுக்கை கொண்ட மையத்தை திறந்து வைத்தார். மே 24-ல் இருந்து தளர்வில்லாத ஊரடங்கு வந்ததும் வண்டிகளில் காய்கறி தெருவுக்கே வந்தது. முந்தைய ஆண்டில் பட்ட அனுபவம் இதில் தெரிந்தது. தொகை நான்கு மடங்கானாலும் வாசல் ஒன்றேதான். அதுவும் அரிசி கார்டுதான்.

விட்டுப் போனவர்கள் யார்?

வீடு மாறியும் கார்டை மாற்றாதவர்கள், கல்யாணம் ஆகி தனிக்குடித்தனம் வந்தும் பெயர் பிரிக்காதவர்கள், சர்க்கரை கார்டு வைத்திருந்தவர்கள், வெளியூரில் இருந்து வந்து மேன்ஷனில் தங்கிய புரோட்டா மாஸ்டர்கள், சப்ளையர்கள், மாட்டுத்தாவணி சுமை தூக்குவோரில் பதிவு இல்லாதவர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள்... பட்டியல் நீளம்.

வீட்டு வேலை செய்பவர்களுக்கு என்றே தமிழ்நாட்டில் 2007-ல் தனி நலவாரியம் வந்து விட்டது. ஆனால் அதில் சேர்ந்தால் என்ன லாபம் என்று நினைத்து சேராமல் விட்டவர்கள் ஏராளம். வாரியத்தில் பெயர் இருந்தும் புதுப்பிக்காமல் விட்டவர்களும் உண்டு. கஷ்டம் வந்த பிறகு ஆபீசுக்கு ஓடினால் ஆபீசே பூட்டிக் கிடந்தது.

இதில் அரசை மட்டும் குறை சொல்லி முடித்து விடவும் முடியாது. 2 கோடிக்கு மேற்பட்ட கார்டுகளுக்கு சில வாரத்தில் பணம் போய் சேர்ந்தது என்றால் அதற்கு காரணம் கைவசம் தயாராக இருந்த ரேஷன் பட்டியல்தான். பட்டியலே இல்லாவிட்டால் புரோக்கர்கள் புகுந்து விளையாடி இருப்பார்கள். பட்டியல் வைத்தது தப்பு இல்லை. பட்டியலில் இல்லாத ஏழைக்கு இன்னொரு கதவை திறந்து வைக்காததுதான் தப்பு. அந்த கதவை திறக்க முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2021-ல் ரேஷன் கார்டு இல்லாத திருநங்கைகளுக்கும் ரூ.2,000 கொடுக்கப்பட்டது. மனசு வைத்தால் மார்க்கம் உண்டு!

கேட்க கவுன்சிலர் இல்லை

மதுரைக்கு இன்னொரு குறையும் சேர்ந்து கொண்டது. மாநகராட்சி கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ந் தேதி. அதாவது கொரோனா வந்து, இரண்டு அலை அடித்து, ஓயும் வரை மதுரையின் 100 வார்டிலும் ஒரு கவுன்சிலர் கூட கிடையாது. எல்லாம் அதிகாரிகள் கையில்.

அதிகாரிகள் உழைத்தார்கள். ஆனால் எந்த சந்தில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது கம்ப்யூட்டருக்கு தெரியாது. "அண்ணே, எங்க வீட்டுக்கு வரலைண்ணே" என்று ராத்திரி 10 மணிக்கு கதவை தட்டி சொல்ல வார்டுக்குள் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத காலத்தில்தான் மதுரை கொரோனாவை சந்தித்தது என்பது குறிப்பிடத்தக்கது. அந்த இடத்தை அக்கம் பக்கத்தாரும், கட்சிக்காரர்களும், கோவில், பள்ளிவாசல், சர்ச்சை சேர்ந்தவர்களும் சோற்றுப் பொட்டலத்தோடு முடிந்த அளவு நிரப்பினார்கள்.

செத்த பிறகும் பேப்பர்தான்

தடுப்பூசி வந்த பிறகும் பேப்பர் விடவில்லை. தமிழ்நாட்டில் தடுப்பூசி போடும் பணி 2021 ஜனவரி 16-ந் தேதி மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அதே மதுரையில் டிசம்பரில், ஊசி போடாதவர்களுக்கு ஓட்டல், வணிக வளாகம் போன்ற பொது இடங்களில் அனுமதி இல்லை என்று மாவட்ட நிர்வாகம் கறார் காட்டியது. செல்போனில் சர்டிபிகேட் எடுக்கத் தெரியாதவர்கள் பிள்ளைகளை தேடி அலைந்தார்கள்.

கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.50,000 என்று முடிவானபோதும் இதே நிலைதான். சுப்ரீம் கோர்ட்டு தலையிட்ட பிறகு 2021 கடைசியில் வந்த அந்த தொகையை வாங்க, பரிசோதனை முடிவும் இறப்பு சான்றும் காட்ட வேண்டி இருந்தது. வீட்டிலேயே மூச்சுத்திணறி இறந்தவர்களின் குடும்பம் அந்த சீட்டுக்கு எங்கே போகும்?

இப்போதே செய்ய வேண்டியது

கொரோனா போய் விட்டது. ஆனால் வெள்ளமோ, வேறு நோயோ வந்தால் பணம் வரப்போவது இதே பட்டியல் வழியாகத்தான். எனவே அமைதியான நாளிலேயே ஆவணங்களை சரி பண்ணி வைப்பது புத்திசாலித்தனம்.

ரேஷன் கார்டில் முகவரி, பெயர், செல்போன் நம்பர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளியூர்க்காரர்கள், தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் இருக்கிற ஊரிலேயே பொருள் வாங்கலாம். கொத்தனார், சித்தாள், ஆட்டோ டிரைவர், வீட்டு வேலை செய்வோர் அவரவர் நலவாரியத்தில் சேர்ந்து, காலத்தில் புதுப்பிக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவையும் பொது சேவை மையத்தில் செய்து கொள்ளலாம். தள்ளுவண்டி, நடைபாதை கடைக்காரர்களுக்கு மாநகராட்சி அடையாள அட்டை அவசியம். 2020 ஜூனில் ரூ.10,000 என்று தொடங்கிய வியாபாரிகள் கடனுக்கும் அந்த அட்டையோ, மாநகராட்சி பரிந்துரை கடிதமோதான் கேட்டார்கள்.

மாநகராட்சிக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. காய்ச்சல் முகாமுக்கு வார்டு வார்டாக போன அதே ஊழியர்கள், ஒரு நோட்டையும் கையில் வைத்து, கார்டு இல்லாத வீடுகளையும் எழுதி இருந்தால் மதுரையில் யாரும் விட்டுப் போயிருக்க மாட்டார்கள். அந்த நோட்டை போட கொரோனா மறுபடி வர வேண்டியது இல்லை. இப்போதே போடலாம்.

காய்ச்சலுக்கு கார்டு தேவை இல்லை என்று அன்றைக்கு புரிந்தது. பசிக்கும் அதே நியாயம்தானே!