பூமி எங்கே அசைந்தது?

அடுக்களைப் பலகையில் அடுக்கி வைத்த டம்ளர்கள் திடீரென்று 'கிலுகிலு'வென்று ஆடினால், முதலில் பூனையைத்தான் வைவோம். கூடத்து ஊஞ்சலும் தானாக அசைந்தால்தான் சந்தேகம் தட்டும். 2012 ஏப்ரல் 11-ந் தேதி மத்தியானம் சென்னையில் இப்படித்தான் ஒரே கலவரம்! கைக்காரியத்தைப் போட்டுவிட்டு ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். சுமத்ராவுக்கு அப்பால், கடலுக்கடியில் 8.6 அளவில் பூகம்பம் நிகழ்ந்திருந்தது.

அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள இன்று கையிலுள்ள போனே போதும், வாசகிகளே! அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை உலகப் படம் ஒன்றை விரித்து வைத்திருக்கிறது. பூமி எங்கே அதிர்ந்தாலும் சில நிமிஷங்களில் அங்கே ஒரு வட்டம் தோன்றிவிடும். பெரிய வட்டம் என்றால் பெரிய அதிர்ச்சி. நிறத்தைப் பார்த்தால் எப்போது நடந்தது என்று தெரியும். நம் நாட்டு அதிர்ச்சிகளை டில்லியிலுள்ள தேசிய நில அதிர்வு மையமும் உடனுக்குடன் தெரிவிக்கிறது.

படத்தைத் திறந்தால் எங்கு பார்த்தாலும் வட்டங்கள்! பதறாதீர்கள். பூமிக்கு இது நித்தியப்படி வழக்கம். அளவை மட்டும் பார்த்து மலைக்கவும் வேண்டாம், ஆழத்தையும் பாருங்கள். 2013 மே மாதம் ருஷ்யாவின் ஒகோட்ஸ்க் கடலடியில் 8.3 அளவில் பூகம்பம். சுமார் 600 கிலோமீட்டர் ஆழம். மாஸ்கோ வரை உணர்ந்தார்கள், ஆனால் பெரிய சேதமில்லை. 2010 ஜனவரியில் ஹைத்தியில் வந்ததோ 7.0 தான். ஆழம் 13 கிலோமீட்டர், பக்கத்திலேயே தலைநகர், கட்டடங்களும் பலவீனம். பல்லாயிரம் உயிர்கள் போயின.

முதலில் வரும் எண்ணே முடிவான எண் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26-ந் தேதி பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் முதலில் சொன்னது 8.0. கணக்குப் பார்த்து முடித்தபோது அது 9.1 ஆகியிருந்தது!

அன்றைய தினத்தை யாரால் மறக்க முடியும்? பூகம்பம் வந்தது நம் நேரப்படி காலை 6 மணி 29 நிமிஷத்துக்கு. தமிழ்நாட்டுக் கரையை அலை எட்டுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அத்தனை நேரமும் கரையில் இருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. இந்து மகா சமுத்திரத்துக்கென்று அப்போது எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. 2007 முதல் ஹைதராபாத்தில் ஒரு மையம் இரவு பகலாக விழித்திருக்கிறது. 2012-இல் எச்சரிக்கை வந்ததும், பெரிய அலை இல்லை என்று தெரிந்தபின் விலக்கிக்கொள்ளப்பட்டதும் இந்த ஏற்பாட்டினால்தான்.

ஆகவே ஒன்றை மட்டும் முந்தானையில் முடிந்துகொள்ளுங்கள். "நாளைக் காலை பத்து மணிக்குப் பூகம்பம்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது வெறும் ஜோசியம். பூகம்பம் வரப்போகும் நாளையும் நேரத்தையும் கணித்துச் சொல்ல எந்த விஞ்ஞானியாலும் இன்றுவரை முடியவில்லை. படமும் நடந்ததைத்தான் சொல்லும். ஆனால் கடல் அலையைவிடச் செய்தி வேகமாக வரும். எச்சரிக்கையின் மகிமை அதில்தான் இருக்கிறது. ஜோசியத்தைத் தள்ளுங்கள், எச்சரிக்கையைத் தள்ளாதீர்கள்.

கடலோரத்தில் இருக்கும்போது தரை பலமாக, வெகு நேரம் ஆடினாலோ, படத்தைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போய்விடுங்கள். வட்டம் எங்கே விழுந்தது என்று அங்கிருந்து பார்த்துக்கொள்ளலாம்!