"வாங்குறதவிட மலிவு, சித்தி!"

ஷா ஆலமில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகனுக்கு வயது 18. கைத்துப்பாக்கித் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பும் காணொளியைக் காட்டி, "வாங்குறதவிட மலிவு, சித்தி" என்றான். வானொலியில் ஓயாமல் பேசுகிற எனக்குப் பேச்சே வரவில்லை.

அமெரிக்காவில் அது பலருக்குப் பொழுதுபோக்கு. சுட்ட பித்தளைக் கூட்டில் புது மருந்தும் குண்டும் வைப்பார்கள். மருந்தை 'கிரெயின்' கணக்கில் நிறுப்பார்கள். ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம். சில மருந்து பாதிக் கூடுகூட நிரம்பாது. அதனால் மறந்துபோய் இரண்டு முறை ஊற்றினாலும் வெளியே வழியாது. சுடும்போது துப்பாக்கி கையிலேயே வெடிக்கலாம். மருந்தே போடாமல் விட்டால் குண்டு குழாயில் சிக்கும். அடுத்ததைச் சுட்டால் குழாயே பிளக்கும். பழகியவர்கள் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கடித்துப் பார்ப்பார்கள். இவனோ சாப்பிடும்போதுகூட கைப்பேசியை வைக்காதவன்!

இங்கே கதையே வேறு. 1960 ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா வைத்திருந்தாலே 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும்.

"அப்போ நான் சுடவே முடியாதா?"

ஏன் முடியாது? நம் நூர் சுர்யானி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் சுட்டார். அதில் வெடிமருந்தே கிடையாது. ஆனால் காற்றுத் துப்பாக்கிக்கும் இங்கே உரிமம் வேண்டும். அதனால் சங்கத்தில் சேர்ந்து, பயிற்சியாளர் முன்னிலையில் பழகச் சொன்னேன்.

காணொளியை மூடினான். "அம்மாகிட்ட சொல்லாதீங்க, சித்தி."

நான் சொல்லவில்லை. அக்கா ஞாயிறுதோறும் இந்தப் பக்கத்தைப் படிப்பார்.