2008-ல் மண்ணுக்குள் போன சில்வண்டுகள்... இந்த மே மாதம் கொல்லைப்புறத்தில் கதவு தட்டப்போகின்றன!

2008 ஜூன் 1. முதல் ஐ.பி.எல். இறுதிப்போட்டியில் சென்னை, ராஜஸ்தானிடம் கோப்பையைப் பறிகொடுத்த நாள். அடுத்த இரண்டு வாரத்துக்குள் ‘தசாவதாரம்’ ரிலீஸ். வாட்ஸ்அப் என்ற பெயரையே அப்போது யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. நான் மூன்றாம் வகுப்பு.

அதே நாள்களில் அமெரிக்காவின் கென்டக்கி, டென்னசி, ஒஹாயோ மாநிலங்களில் மரக்கிளைகளில் உட்கார்ந்து சில்வண்டுகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. பொரிந்து வந்த இளம்பூச்சிகள், அரிசிமணியைவிடச் சின்னவை, பொத்பொத்தென்று தரையில் விழுந்து மண்ணுக்குள் போய்விட்டன. அதற்குப் பிறகு அவை வெளியே தலைகாட்டவே இல்லை. நாம் போன் மாற்றி, வேலை மாற்றி, வீடு மாற்றி இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். அவை இன்னும் அதே மரத்தடியில்தான் இருக்கின்றன.

2025 மே மாதம் அவற்றுக்கு 17 வயது. வெளியே வரும் நேரம் நெருங்கிவிட்டது. அந்த மாநிலங்களில் மக்கள் டார்ச் லைட்டும் கையுமாகத் தோட்டத்து மண்ணைக் குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நம்ம ஊர் சில்வண்டுதானே?

சொந்தக்காரர்கள்தான். குற்றாலம், வால்பாறைப் பக்கம் பகலில் மரங்களுக்கு நடுவே நடந்திருந்தால், காதை அடைக்கும் அந்த ரீங்காரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சத்தம் நமக்கு வருடா வருடம் கேட்கும். நம் பக்கத்துச் சில்வண்டுகளும் மண்ணுக்குள் வளர்பவைதான். ஆனால், எல்லாம் ஒரே தேதியில் பேசிவைத்துக்கொண்டு வெளியே வருவதில்லை.

அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் மட்டும் வாழும் ‘மேஜிசிகாடா’ வகையோ ஒன்றாகவே மண்ணுக்குள் போய், ஒன்றாகவே மேலே வரும். இதில் மொத்தம் 7 இனங்கள். மூன்று இனங்கள் 17 வருடத்துக்கு ஒருமுறையும், நான்கு இனங்கள் 13 வருடத்துக்கு ஒருமுறையும் வெளிவரும். எந்த வருடம் எந்தப் பகுதியில் வருகிறது என்பதை வைத்து இவற்றைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து ரோமன் எண் கொடுத்திருக்கிறார்கள். இன்று மிச்சமிருப்பவை 15 கூட்டங்கள். இந்த வருடம் வரவேண்டியது 14-ம் எண் கூட்டம்.

இந்தியாவிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. மேகாலயாவின் ரி-போய் மாவட்டத்தில் 4 வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக வெளிவரும் ஒரு சில்வண்டு இனம் இருக்கிறது. கால்பந்து உலகக்கோப்பை நடக்கும் வருடங்களிலேயே வருவதால் அதற்கு ‘வேர்ல்டு கப் சில்வண்டு’ என்றே பெயர் விழுந்துவிட்டது. 2022-ல் வந்தது. அடுத்த முறை 2026.

மண்ணுக்குள் காலண்டர் ஏது?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். இவை 17 வருடம் தூங்குவதில்லை. விழித்துக்கொண்டுதான் இருக்கின்றன. மர வேர்களில் வாயைக் குத்தி, உள்ளே ஓடும் நீரை உறிஞ்சுகின்றன. அதில் சத்து மிகக் குறைவு. கஞ்சித்தண்ணியை மட்டும் குடித்து வளரும் பிள்ளை மாதிரி, வளர்ச்சி மெதுவாகத்தான் நடக்கும்.

சரி, 17 முடிந்துவிட்டது என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்? கலிஃபோர்னியா விஞ்ஞானிகள் இதற்காக ஒரு சோதனை செய்து, 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். 15 வயது இளம்பூச்சிகளை எடுத்து பீச் மரங்களின் வேரில் விட்டார்கள். பிறகு, ஒரே வருடத்தில் இரண்டு முறை பூக்கும்படி அந்த மரங்களின் பருவத்தை மாற்றினார்கள். பூச்சிகள் ஒரு வருடம் முன்னதாகவே வெளியே வந்துவிட்டன! அவை எண்ணியது நாள்களை அல்ல. வசந்தத்தில் மரம் துளிர்க்கும்போது வேர்நீரில் வரும் மாற்றத்தைத்தான் எண்ணியிருக்கின்றன. அவற்றுக்குச் சாப்பாடு போடுவதும் மரம்தான், காலண்டரும் மரம்தான்.

இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கழித்து இதற்குத் திரும்ப வருவோம்.

எப்போது, எங்கே பார்க்கலாம்?

இந்த முறை அதிகமாக எதிர்பார்க்கப்படுவது கென்டக்கியிலும் டென்னசியிலும். ஒஹாயோவில் சின்சினாட்டி பக்கம், பென்சில்வேனியா, மேற்கு வர்ஜீனியா, வட கரோலினாவின் சில பகுதிகள், நியூயார்க்கின் லாங் ஐலண்ட், மாசசூசெட்ஸின் கேப் காட் என்று பட்டியல் நீள்கிறது. மொத்தம் 13 மாநிலங்களில் திட்டுத்திட்டாக இருக்கின்றன. தெற்கே சீக்கிரம் வரும். கேப் காட் போன்ற குளிர்ந்த இடங்களில் ஜூன்கூட ஆகலாம்.

மகன், மகள் வீட்டுக்கு மே, ஜூன் மாதம் அமெரிக்கா போகிற அப்பா, அம்மாக்கள் நம் வாசகர்களில் ஏராளம். நீங்கள் போவது மேலே சொன்ன ஊர்ப் பக்கம் என்றால், பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து இதைச் செய்து பாருங்கள்.

முதலில் மரத்தின் வயதை விசாரியுங்கள். 2008-க்கு முன்பிருந்தே நிற்கும் மரமா? அப்படியென்றால் வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகு மண்ணைப் புரட்டிக் கட்டிய புது லே-அவுட் வீடு என்றால் வாய்ப்பு குறைவு. நெடுநாளாக அங்கே குடியிருக்கும் பக்கத்து வீட்டுத் தாத்தாவைக் கேட்டால், “2008-ல் எங்கள் வாசலில் பெருக்கி அள்ளினோம்” என்று சொன்னாலும் சொல்வார்.

அடுத்து மண். சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வட்டமான ஓட்டைகள் தெரிகின்றனவா? ஈர மண்ணாக இருந்தால், ஓட்டைக்கு மேல் புகைபோக்கி மாதிரி ஒரு மண் குழாயும் நிற்கும். உள்ளே ஆள் தயார் என்று அர்த்தம்.

மூன்றாவது வெப்பம். 8 அங்குல ஆழத்தில், அதாவது 20 செ.மீ. கீழே, மண்ணின் வெப்பம் சுமார் 18 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். அங்கே பழக்கமான ஃபாரன்ஹீட்டில் 64. அதன்பின் இதமாக ஒரு மழை பெய்தால், அன்றைக்கு இரவு சீக்கிரம் தூங்கிவிடாதீர்கள்.

இருட்டியதும் அவை வெளியே வரும். பழுப்பு நிறத்தில் ஊர்ந்துபோய், கைக்குக் கிடைத்த மரம், வேலி, சுவர் எதிலாவது ஏறும். முதுகு வெடித்து, உள்ளிருந்து பால் வெள்ளையாக, சிவப்புக் கண்ணோடு ஒரு புதுப் பூச்சி நெளிந்து வரும். கசங்கிய சிறகுகள் மெல்ல விரியும். விடிவதற்குள் உடம்பு கறுத்துவிடும், சிறகு நரம்புகள் ஆரஞ்சாகிவிடும். பழைய ஓடு மட்டும் மரத்திலேயே பிடித்துக்கொண்டிருக்கும். பிள்ளைகள் அதை எடுத்துச் சட்டையில் பேட்ஜ் மாதிரி குத்திக்கொள்வார்கள்.

நான்கைந்து நாள்களில் கச்சேரி தொடங்கும். பாடுவது ஆண்கள் மட்டும். கூட்டமாகச் சேர்ந்தால் 90 டெசிபலைத் தாண்டும். பக்கத்தில் புல்வெட்டும் இயந்திரம் ஓடுவது மாதிரி இருக்கும். போனில் பேச வீட்டுக்குள்தான் போக வேண்டும்.

பயப்பட வேண்டுமா?

வேண்டாம். கடிக்காது, கொட்டாது. வெட்டுக்கிளி மாதிரி பயிரைத் தின்று தீர்ப்பதும் இல்லை. பெண் பூச்சி பென்சில் பருமனுள்ள குச்சிகளைக் கீறி முட்டையிடுவதால், கிளை நுனிகள் காய்ந்து தொங்கும். பெரிய மரங்கள் இதைத் தாங்கிக்கொள்ளும். புதிதாக நட்ட சின்ன மரமாக இருந்தால், 1 செ.மீ.க்கும் குறைவான கண்ணுள்ள வலையைச் சில வாரங்களுக்குப் போர்த்திவிட்டால் போதும். பூச்சிமருந்து அடிக்காதீர்கள். அடித்து ஓயாத எண்ணிக்கை அது. அதைத் தின்னும் பறவைகளுக்குத்தான் கெடுதல்.

வளர்ப்பு நாய் அளவில்லாமல் தின்றால் வாந்தி எடுக்கலாம், ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சிலர் இதை வறுத்துச் சாப்பிடவும் செய்வார்கள். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். எனவே, “ஒன்றே ஒன்று” என்று யாராவது நீட்டினால் யோசியுங்கள்.

இவற்றின் தற்காப்பே எண்ணிக்கைதான். ஓடத் தெரியாது, ஒளியத் தெரியாது. பறவை, அணில், மீன் எல்லாம் வயிறு முட்டத் தின்ற பிறகும் லட்சக்கணக்கில் மிஞ்சும். செழிப்பான இடங்களில் ஓர் ஏக்கருக்கு 15 லட்சம் வரை இருக்குமாம். 2021-ல் 10-ம் எண் கூட்டம் வந்தபோது, அமெரிக்க அதிபரின் வெளிநாட்டுப் பயணத்துக்காகப் பத்திரிகையாளர்களை ஏற்றிச்செல்ல வேண்டிய விமானம், இயந்திரத்துக்குள் சில்வண்டுகள் புகுந்ததால் மணிக்கணக்கில் தாமதமானது. செய்தியாளர்களையே செய்தியாக்கிய பூச்சி!

15 லட்சம் இருந்தும் அழிந்தது எப்படி?

மரத்துக்குத் திரும்புவோம். வேரை விட்டால் இளம்பூச்சிக்கு வேறு போக்கிடம் இல்லை. 17 வருடத்தில் ஏதோ ஒரு நாள் அந்த மரத்தை வெட்டினால், கீழே இருக்கும் அத்தனையும் பட்டினி. மரம் நின்றாலும், சுற்றிலும் கான்கிரீட் போட்டு கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டால், மேலே வர வழி இல்லை. பூச்சிக்கு எச்சரிக்கையும் கிடையாது, இடம் மாற அவகாசமும் கிடையாது. நமக்கும் அங்கே ஒரு கூட்டம் இருந்ததே தெரியாது. அது வராமல் போகும் வருடத்தில்தான் தெரியும்.

இது கற்பனை இல்லை. கனெக்டிகட் பக்கம் 11-ம் எண் கூட்டம் என்று ஒன்று இருந்தது. கடைசியாக 1954-ல் பார்த்தார்கள். 1971-ல் வர வேண்டும். வரவில்லை. ஃபுளோரிடாவில் இருந்த 21-ம் எண் கூட்டத்தின் கடைசிப் பதிவு 1870.

இவை எப்போது இருந்தன, எப்போது மறைந்தன என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறதென்றால் ஒரே காரணம், யாரோ தன் தோட்டத்தில் பார்த்ததைத் தேதியோடு எழுதிவைத்தார்கள். அவர்களில் ஒருவர் பெஞ்சமின் பானெகர். மேரிலாந்தில் வாழ்ந்த கறுப்பின விவசாயி, பஞ்சாங்கம் கணித்தவர். 1749-ல், 17 வயதில், முதல்முறை இந்தப் பூச்சிப் படையைப் பார்த்தார். மரங்களை எல்லாம் அழித்துவிடும் என்று பயந்து அடித்துக் கொன்று பார்த்தார். அடித்து மாளவில்லை, மரங்களும் அழியவில்லை. 1766-ல் மறுபடி வந்தன. 1783-ல் மறுபடி. இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட அவர், 1800-ல் வரும் என்று எதிர்பார்த்தார். வந்தன. ஒரு முழு ஆயுளில் நான்கே நான்கு முறை. அவர் பார்த்த அதே 10-ம் எண் கூட்டத்தின் வாரிசுகள்தான், 2021-ல் விமானத்தை நிறுத்தியவை.

இன்று எழுதிவைக்க நோட்டுப் புத்தகம்கூட வேண்டாம். சின்சினாட்டியின் மவுன்ட் செயின்ட் ஜோசப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘சிகாடா சஃபாரி’ என்ற ஆப் இருக்கிறது. பூச்சியைப் படம் பிடித்து அனுப்பினால், இடமும் தேதியும் வரைபடத்தில் ஏறிவிடும். எங்கே கூட்டம் நிறைய வந்திருக்கிறது, எங்கே சுருங்கிவிட்டது என்பது இப்படி ஒவ்வொரு கொல்லைப்புறத்திலிருந்தும் போகும் படங்களை வைத்துத்தான் தெரியவரும். “எங்கள் வீட்டில் 2008-ல் வந்தது, இந்த முறை ஒன்றுகூட இல்லை” என்பதும் முக்கியமான தகவலே.

பெரிய பூச்சிகளின் ஆட்டம் மூன்று, நான்கு வாரங்களில் முடிந்துவிடும். மரத்தடியில் குவிந்து கிடப்பவை நாற்றமடிக்கும். கூட்டிச் செடிக்கு உரமாகப் போட்டுவிடலாம். கிளைகளில் இருக்கும் முட்டைகள் ஆறு முதல் பத்து வாரங்களில் பொரியும். மறுபடி பொத்பொத்தென்று சத்தமில்லாமல் மண்ணுக்குள் இறங்கிவிடும். அடுத்த தேதி 2042.

இந்த மே மாதம் ஓட்டை எண்ணும் 7 வயதுப் பேத்திக்கு அப்போது 24 வயது. அவள் எந்த ஊரில் இருப்பாளோ, அந்த வீடு யார் கையில் இருக்குமோ தெரியாது. அதனால் இரண்டு வேலை செய்யுங்கள். தேதியையும் எந்த மரம் என்பதையும் அவள் கையாலேயே எழுதவைத்து, பத்திரமாக எடுத்துவையுங்கள். “இந்த மரம் இடைஞ்சலாக இருக்கிறது, வெட்டிவிடலாமா?” என்று வீட்டில் பேச்சு வந்தால், கீழே யார் இருக்கிறார்கள் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கென்டக்கி, ஒஹாயோ பக்கம் இருந்தால் இந்தக் கட்டுரையை இப்போதே அனுப்பிவிடுங்கள். அவர்கள் படம் எடுத்து அனுப்பினால் எங்களுக்கும் காட்டுங்கள். அடுத்த வாரம் வேறொரு குட்டி உயிரோடு சந்திப்போம்!